கவிழ்ந்ததா, கவிழ்த்தாரா? ஹெலிகாப்டர் பயிற்சி விபத்துகளின் வரலாற்றிலிருந்து ஒரு குறிப்பு

தமிழில் ‘கவிழ்’ என்னும் வேர் இருவகையாக இறந்தகாலம் கொள்ளும். ‘வண்டி கவிழ்ந்தது’ என்பது தன்வினை. ‘வண்டியைக் கவிழ்த்தார்’ என்பது பிறவினை. இத்தகைய இணைகளைப் பேராசிரியர் கு. பரமசிவம் இயங்குவினை, இயக்குவினை எனப் பிரித்து ஆராய்ந்தார். மெல்லெழுத்து நின்ற இடத்தில் வல்லெழுத்து வந்ததும் பொறுப்பு ஒருவர் தலைமேல் ஏறிவிடுகிறது.

தனிப்பறப்பில் தரையிறங்கும் மாணவரின் ஹெலிகாப்டர் பக்கவாட்டில் சாய்ந்து நொறுங்குவது பயிற்சி வரலாற்றில் மீண்டும் மீண்டும் காணப்படும் விபத்து. அங்கே எந்த வினையைப் பயன்படுத்துவது?

தொடக்கத்திற்குச் செல்வோம். கீவ் நகரில் 1889இல் பிறந்த இகோர் சிகோர்ஸ்கி, 1939 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், கயிறுகளால் பிணைக்கப்பட்ட விஎஸ்-300 ஊர்தியைச் சில நொடிகள் தரையிலிருந்து எழுப்பினார். அவருக்குக் கற்பிக்க ஆசிரியர் எவரும் இல்லை. ஒவ்வொரு பறப்பும் தனிப்பறப்பே; ஒவ்வொன்றும் பயிற்சியே. அதே ஆண்டு டிசம்பர் 9 அன்று அவ்வூர்தி கவிழ்ந்து சேதமுற்றது. அதன்பின் மாற்றப்பட்டது ஊர்தியின் அமைப்பு. முதன்மைச் சுழலியின் சாய்வுக் கட்டுப்பாடு தற்காலிகமாக நீக்கப்பட்டு, வாற்பகுதியில் கிடைமட்டச் சுழலிகள் இரண்டு சேர்க்கப்பட்டன. 1940 மே 13 அன்று கயிறின்றிப் பறந்த அது, 1941 மே 6 அன்று ஒன்றரை மணி நேரத்திற்கும் மேல் வானில் நின்றது. நீக்கப்பட்ட கட்டுப்பாடு அவ்வாண்டு இறுதியில் செம்மையுற்றுத் திரும்பியது. விபத்து அங்கே வடிவமைப்பிற்கான சான்றாக வாசிக்கப்பட்டது.

ஆசிரியரும் மாணவரும் அருகருகே அமரும் ஊர்திகள் வந்தபின் கேள்வி சிக்கலானது. 1979இல் சான்று பெற்ற ராபின்சன் ஆர்22 உலகெங்கும் பயிற்சிக்குப் பயன்படும் சிறிய ஊர்தி. அதன் உச்ச எடை ஏறத்தாழ 620 கிலோ. எண்பது கிலோ எடையுள்ள ஆசிரியர் இறங்கிக்கொண்டால் அதில் எட்டில் ஒரு பங்கு குறைகிறது. வலப்புற இருக்கையில் மாணவர் மட்டும் எஞ்சுவதால் ஈர்ப்புமையம் வலம் நகர்கிறது. வலப்புற ஸ்கிட் தாழ்ந்து தொங்கி முதலில் தரையைத் தொடுகிறது. வால் சுழலியின் உந்துவிசையும் வலப்புறமே. பக்கவாட்டில் நகர்ந்தபடி இறங்கும்போது அந்த ஸ்கிட் புல்லிலோ மண்ணிலோ மாட்டிக்கொண்டால், அதுவே அச்சாகி ஊர்தி முழுவதும் சுழலத் தொடங்கும். இதனை டைனமிக் ரோல்ஓவர் என்பர். பொதுவாக 5 முதல் 8 பாகை சாய்விலேயே இது தொடங்கிவிடக்கூடும். கலெக்டிவ் நெம்புகோலைச் சீராகத் தாழ்த்துவதே தீர்வு. பதறிய கையோ அதனை மேலே இழுக்கும். அந்த உந்துவிசையே ஊர்தியைப் புரட்டிவிடும்.

ஆக, மாணவர் பல மணி நேரம் பழகிய ஊர்தி வேறு. முதல் தனிப்பறப்பில் அவருக்குக் கிடைக்கும் ஊர்தி வேறு. பெயரும் வண்ணமும் மட்டுமே ஒன்று.

நம் நாட்டில் இன்னொரு நுட்பம் உண்டு. ஹைதராபாத்தை அடுத்த ஹக்கிம்பேட்டையில் விமானப்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி இயங்குகிறது. இந்தியப் படைகளின் பல தலைமுறை விமானிகள் பழகிய சேதக், சீட்டா இரண்டும் பிரெஞ்சு வடிவமைப்புகள். அவற்றின் முதன்மைச் சுழலி, மேலிருந்து பார்க்கையில், கடிகாரமுள்ளின் திசையில் சுழலும். அமெரிக்க ஊர்திகளில் அது எதிர்த்திசை. எனவே வால் சுழலியின் உந்துதலும் இடப்புறமாகிறது. அமெரிக்கக் கையேட்டின் ‘வலம்’ இங்கே ‘இடம்’ ஆகும். அக்கையேட்டை அப்படியே மொழிபெயர்த்தால் இலக்கணம் பிழையற்றிருக்கும், விமானி பிழைக்கமாட்டார்.

1995இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், ஆர்22இல் தனிப்பறப்புக்கு முன் மாணவர் குறைந்தது 20 மணி நேரம் ஆசிரியருடன் பறந்திருக்க வேண்டும் என விதித்தது. அவ்விதிக்குக் காரணமானவை பெரும்பாலும் வேறு வகை விபத்துகள். எனினும் அதன் அடிப்படை கவனிக்கத்தக்கது: தனியே அமர்ந்தவரின் கையை மட்டும் நோக்காமல், அவரைத் தனியே அமர்த்திய முறையையும் அது கேள்விக்குட்படுத்துகிறது. பன்னாட்டு உடன்படிக்கையின் 13ஆம் இணைப்பும் விபத்து விசாரணையின் நோக்கம் வருங்கால விபத்தைத் தடுப்பதே, பழி சுமத்துவதன்று என்கிறது.

இருந்தும் செய்திகளில் ‘விமானியின் தவறு’ என்னும் தொடர் நீங்கவில்லை. ‘கவிழ்த்தார்’ என்று எழுதினால் ஈர்ப்புமையமும் காற்றும் பயிற்சித் திட்டமும் வாக்கியத்திலிருந்து மறைந்துவிடுகின்றன. ‘கவிழ்ந்தது’ என்று எழுதினாலோ, கற்றுக்கொள்ள வேண்டிய கையே மறைந்துவிடுகிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்து நிறுத்திக்கொள்ளும் அறிக்கை பாதி அறிக்கையே. அடுத்த மாணவர் அதே இருக்கையில் தனியே அமரும்போது அவருக்குத் தேவைப்படுவது மறுபாதி.