ஓட்ட விமானம் இல்லாத விமானிகள்

ழான் மெர்மோஸ் என்ற பெயரை, என்னைப்போல் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தென் அட்லாண்டிக் கடலைத் தாண்டித் தபால் கொண்டுபோன விமானி. 1936 டிசம்பரில் அந்தக் கடலுக்கு மேலேயே காணாமல் போனவர். வகுப்பில் அவருடைய வீரத்தைப் பற்றித்தான் சொல்வார்கள். 1924-இல் அவர் பாரிசில் அரைப்பட்டினி கிடந்ததை நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். சிரியாவில் பிரெஞ்சு இராணுவத்துக்காக விமானம் ஓட்டியவர், படையை விட்டு வெளியே வந்ததும் யாருக்கும் வேண்டாதவராகிவிட்டார். கிடைத்த கூலி வேலையைச் செய்து நாளைக் கடத்தினார். துலூஸ் நகரத்தில் லத்தேகோவேர் கம்பெனி சேர்த்துக்கொண்டபோதும், முதலில் எஞ்சின் பாகங்களைக் கழுவும் வேலைதான்.

குட்டி இளவரசன் கதை எழுதிய சேந்த்-எக்சுபெரியும் அப்படித்தான். இராணுவத்தில் விமானம் ஓட்டக் கற்றவர், வெளியே வந்து ஓட்டுக் கம்பெனி அலுவலகத்தில் உட்கார்ந்தார், பிறகு லாரி விற்கப் போனார். ஒரு வருடத்துக்கு மேல் ஊர் ஊராக அலைந்து விற்றது ஒரே ஒரு லாரி என்று சொல்வார்கள்.

இந்த இரண்டு பேருக்கும் கடைசியில் தபால் விமானம் கிடைத்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு வெளியே அனுப்பப்பட்ட மற்ற விமானிகளுக்கு என்ன வழி? பிரான்சிலும் சரி, அமெரிக்காவிலும் சரி, அவர்களுக்கு வேறு தொழில் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று யாரும் பெரிதாக யோசிக்கவில்லை. அமெரிக்காவில் சிலர் இராணுவம் கழித்துக்கட்டிய பழைய விமானங்களை மலிவாக வாங்கி, திருவிழாக்களில் குட்டிக்கரணம் போட்டுக் காட்டிப் பிழைத்தார்கள்.

1932-இல் வாஷிங்டனில் நடந்தது அந்த நாட்டையே உலுக்கியது. முதல் போரில் சண்டையிட்ட முன்னாள் வீரர்கள், தங்களுக்குச் சேரவேண்டிய போனஸ் தொகையை உடனே கொடு என்று கேட்டு, ஏறத்தாழ 20,000 பேர் குடும்பத்தோடு வந்து குடிசை போட்டு உட்கார்ந்தார்கள். அரசாங்கம் இராணுவத்தை அனுப்பி அவர்களை விரட்டியது. குடிசைகள் எரிந்தன. அடுத்த போர் முடியும்போது இப்படி ஒன்று நடக்கக்கூடாது என்ற பயம் அரசியல்வாதிகள் மனத்தில் தங்கிவிட்டது. நல்ல சட்டங்கள் பல இரக்கத்தில் பிறப்பதில்லை, பயத்தில்தான் பிறக்கின்றன என்பது கோப்புகளோடு காலம் கழித்த என் அபிப்பிராயம்.

1944 ஜூன் 22-ஆம் தேதி, ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட முன்னாள் படைவீரர் சட்டம் அப்படிப் பிறந்ததுதான். ஜி.ஐ. பில் என்று அழைப்பார்கள். அது கடைசி நேரத்தில் செத்துப்போக இருந்தது. இரு சபைகளின் கூட்டுக்குழுவில் ஒரு ஓட்டுக்குறை. அந்த ஓட்டுக்குரிய கிப்சன் என்ற உறுப்பினர் உடம்பு சரியில்லாமல் ஜார்ஜியா மாநிலத்தில் வீட்டில் இருந்தார். இரவோடு இரவாக அவரைத் தேடிப்பிடித்து, மழையில் காரை விரட்டி, ஜாக்சன்வில் விமான நிலையத்தில் ஏற்றி, விடிந்ததும் வாஷிங்டனில் கொண்டுவந்து சேர்த்தார்கள். சட்டம் பிழைத்தது. பிற்பாடு எத்தனையோ விமானிகளுக்குச் சோறு போட்ட சட்டம் பிழைப்பதற்கும் ஒரு விமானிதான் தேவைப்பட்டார்!

இந்த முறை விமானிகளின் கூட்டம் மிகப் பெரியது. 1939-க்கும் 1945-க்கும் இடையில் அமெரிக்கத் தரைப்படையின் விமானப் பிரிவு மட்டும் 1,90,000-க்கு மேற்பட்ட விமானிகளைத் தயார் செய்தது. பாதிப்பேர் இருபத்தைந்து வயதைக்கூடத் தாண்டாதவர்கள். நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானத்தை ஓட்டத் தெரியும், வேறு எந்தத் தொழிலும் தெரியாது. பயணிகள் விமானக் கம்பெனிகளுக்கோ சில ஆயிரம் விமானிகள் போதும். இவர்கள் ஓட்டிய விமானங்கள் அரிசோனா பாலைவனத்தில் ஆயிரக்கணக்கில் வரிசையாக நின்றன, உருக்கி அலுமினியமாக்குவதற்காக.

சட்டம் என்ன கொடுத்தது? போர்க்காலத்தில் 90 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். கல்விக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் ஆண்டுக்கு 500 டாலர் வரை நேரே பள்ளிக்குப் போகும். அப்போது டாலர் மூன்றே கால் ரூபாய்தான் என்றாலும், அந்தக் காலத்துக்கு அது பெரும் பணம். கைச்செலவுக்கு மாதம் 50 டாலர், குடும்பம் இருந்தால் 75. பிறகு இதை உயர்த்தினார்கள். பணியில் இருந்த காலத்தைப் பொறுத்து நான்கு ஆண்டுகள் வரை படிக்கலாம்.

நான் இதில் மிகவும் மெச்சுவது ஒன்றுண்டு. நீ விமானி, ஆகவே விமான சம்பந்தமானதைத்தான் படிக்க வேண்டும் என்று எந்த அதிகாரியும் சொல்லவில்லை. வக்கீல் படிப்பா, பற்பசை செய்யும் ரசாயனமா, தச்சு வேலையா, விவசாயமா, அது அவன் இஷ்டம். நம்மூர்ச் சொல்தாக்களுக்குப் பிரெஞ்சு அரசாங்கம் பென்ஷன் கொடுத்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பென்ஷன் என்பது செய்து முடித்த வேலைக்கான கூலி. இந்தப் பணம் இனிமேல் செய்யப்போகும் வேலைக்காகக் கொடுத்தது.

பெரிய பல்கலைக்கழகத் தலைவர்கள் சிலர், கண்டவனும் உள்ளே வந்து படிப்பைக் கெடுத்துவிடுவான் என்று முகம் சுளித்தார்கள். வந்தவர்களோ எல்லோரையும்விட நன்றாகப் படித்தார்கள். 1947-இல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் இவர்களே. 1956-இல் திட்டம் முடிந்தபோது 78 லட்சம் பேர் ஏதாவது ஒரு படிப்போ பயிற்சியோ பெற்றிருந்தார்கள்.

அவர்களில் ஒரு விமானியைச் சொல்கிறேன். ஜார்ஜ் மெக்கவர்ன், தெற்கு டகோடா மாநிலத்துப் பாதிரியார் மகன். பி-24 விமானத்தில் இத்தாலியிலிருந்து கிளம்பி 35 முறை குண்டுவீசத் தாக்குதலுக்குப் போய் உயிரோடு திரும்பியவர். இந்தச் சட்டத்தின் பணத்தில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, நிலக்கரித் தொழிலாளர் வேலைநிறுத்தம் ஒன்றைப் பற்றி ஆராய்ந்து, 1953-இல் சரித்திரத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். 1972-இல் நிக்சனை எதிர்த்து நின்று தோற்றவர் இவரே. நமக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. ரேஷன் கடையில் பி.எல். 480 கோதுமைக்கு வரிசையில் நின்றது ஞாபகம் இருக்கிறதா? 1961-இல் கென்னடி அந்த உணவு உதவித் திட்டத்துக்கு இயக்குநராக வைத்தது மெக்கவர்னைத்தான்.

எல்லாம் நன்றாகவே நடந்தது என்று எண்ண வேண்டாம். பணம் நேரே பள்ளிக்குப் போனதால், பள்ளிகள் மழைக்காலத்துக் காளான்போல் முளைத்தன. சிறிய விமானத் திடல்களில் பறக்கும் பள்ளிகள் பெருகின. வேலைக்காக இல்லாமல், ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்குக்காக அரசாங்கச் செலவில் பறக்கக் கற்றவர்கள் ஏராளம். பார்க்கப்போனால், நாடு ஏற்கனவே விமானிகள் மிகுந்து தவித்தபோது இன்னும் விமானிகளை உண்டாக்கிக்கொண்டிருந்தார்கள்! 1948-இல் பொழுதுபோக்குப் படிப்புக்குப் பணமில்லை என்று கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். 1952-இல் கொரியப் போர் வீரர்களுக்குப் புதுச்சட்டம் எழுதியபோது, பள்ளிக்குப் பணம் அனுப்புவதையே நிறுத்தி, மாதம் 110 டாலரை மாணவன் கையில் கொடுத்தார்கள். கட்டணத்தை அவனே கட்டிக்கொள்ள வேண்டும். தன் கையிலிருந்து போகிற பணம் என்றால் எவனும் பள்ளியை விசாரித்துத்தானே சேர்வான்.

சட்டத்தால் சரிசெய்ய முடியாத இன்னொன்று நிறம். அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் கறுப்பின விமானிகள் ஏறத்தாழ ஆயிரம் பேர் தயாரானார்கள். போர் முடிந்ததும் அவர்களுக்கும் அதே சட்டம், அதே படிவம். ஆனால் தென் மாநிலங்களில் வெள்ளையர் கல்லூரி அவர்களைச் சேர்க்காது, கறுப்பர் கல்லூரிகளில் இடம் போதாது. எந்தச் சான்றிதழ் வைத்திருந்தாலும் பெரிய விமானக் கம்பெனிகள் கதவைத் திறக்கவில்லை. ஜெர்மானிய ஜெட் விமானத்தைச் சுட்டு வீழ்த்திய ராஸ்கோ பிரவுன், படிப்பின் பக்கம் திரும்பி டாக்டர் பட்டம் பெற்று, பிறகு நியூயார்க்கில் ஒரு கல்லூரித் தலைவரானார். நல்ல பதவிதான், ஆனால் விமானம் ஓட்டும் வேலை அல்ல.

அந்தக் கதவு திறப்பதற்கு, அடுத்த தலைமுறை விமானி ஒருவர் கோர்ட்டுக்குப் போகவேண்டியிருந்தது. மார்லன் கிரீன் 1957-இல் விமானப் படையை விட்டு வெளியே வந்தார். காண்டினெண்டல் கம்பெனி அவரை எடுக்க மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1963 ஏப்ரலில் அத்தனை நீதிபதிகளும் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். 1965-இல்தான் அவர் அந்தக் கம்பெனியின் விமானத்தில் ஏறி உட்கார்ந்தார். அப்போது அவருக்கு வயது 35.