டிஜே எந்த ஊர்ச் சொல்? அரக்கோணம் மின்பாதையின் கதை

அரக்கோணம் எலக்ட்ரிக் லோகோ ஷெட்டில் வேலை பார்ப்பவர்களிடம் "டிஜே டிரிப் ஆகிவிட்டது" என்றால் போதும், மேலே விளக்கம் தேவையில்லை. ரயில் எஞ்சினுக்குள் வரும் மின்சாரத்தை ஒரே வெட்டில் துண்டிக்கும் பெரிய சர்க்யூட் பிரேக்கருக்குத்தான் அந்தப் பெயர். ஆனால் சர்க்யூட் பிரேக்கர் என்ற ஆங்கிலச் சொல்லில் 'டி'யும் இல்லை, 'ஜே'யும் இல்லை! அது 'திஸ்ஜோங்த்தர்' என்ற பிரெஞ்சுச் சொல்லின் சுருக்கம். மோட்டார்களுக்குப் போகும் மின்னழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றி இறக்கும் டேப் சேஞ்சரை 'ஜிஆர்' என்கிறார்கள். அதுவும் 'கிராதுவாத்தர்' என்ற பிரெஞ்சுச் சொல்தான். பிரெஞ்சு படிக்காத தமிழ் ஓட்டுநர்கள் பல வருடங்களாகப் பிரெஞ்சுச் சுருக்கங்களில் பேசி வருகிறார்கள்.

இந்தச் சொற்கள் எப்படி இங்கே வந்தன?

அரக்கோணத்துக்கு ரயில் வந்தது 1856இல். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போடப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை அந்த வருடம் ஜூலை 1ஆம் தேதி திறக்கப்பட்டது. அது இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. பிறகு ரேணிகுண்டா பக்கமும் செங்கல்பட்டு பக்கமும் பாதைகள் பிரிந்து, அரக்கோணம் பெரிய சந்திப்பானது. ஆம்பூர், வாணியம்பாடி தோல் சிப்பங்கள் சென்னைத் துறைமுகத்துக்குப் போனதும் இந்த வழியாகத்தான். அதெல்லாம் நீராவி எஞ்சின் காலம்.

மின்சார ரயில் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சென்னை கடற்கரை - தாம்பரம் பாதையில் 1931லேயே ஓடியது. ஆனால் அது 1500 வோல்ட் நேர்மின்சாரம். அதற்குத் தடிமனான செப்புக் கம்பி வேண்டும், சில மைல்களுக்கு ஒரு துணை மின்நிலையமும் வேண்டும். நகரத்துக்குள் சரி, நாடு முழுக்க இப்படிப் போட முடியுமா? ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் மாறுமின்சாரத்தில் ரயில் ஓட்டினார்கள். ஆனால் அதன் அதிர்வெண் வீட்டு மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்குதான். எனவே ரயிலுக்கென்றே தனி மின் உற்பத்தி நிலையங்கள் தேவைப்பட்டன. வீட்டுக்கும் தொழிற்சாலைக்கும் வரும் அதே 50 சைக்கிள் மின்சாரத்தில் ரயிலை ஓட்ட முடிந்தால் இந்தச் செலவு மிச்சம். ஹங்கேரிப் பொறியாளர் கால்மான் கண்டோ இதற்கு வழிகாட்டினார். 1936இல் ஜெர்மனியின் கருங்காட்டு மலைப்பாதை ஒன்றில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். போர் முடிந்ததும் அந்தப் பகுதி பிரான்சின் ஆக்கிரமிப்பு மண்டலத்துக்குள் வந்தது. பிரெஞ்சு ரயில்வே பொறியாளர்கள் அந்தப் பாதையை ஆராய்ந்து, தங்கள் நாட்டின் சவாய் மலைப்பகுதியில் மேம்படுத்தினார்கள். 1955இல் லீல் நகரில் மாநாடு கூட்டி உலகத்துக்குக் காட்டினார்கள். தோற்ற நாட்டில் கிடைத்த ஒரு சோதனை, பத்தே வருடத்தில் ஏற்றுமதிச் சரக்கானது!

இந்தியா 1957இல் 25,000 வோல்ட், 50 சைக்கிள் முறையைத் தேர்ந்தெடுத்தது. பிரெஞ்சு தேசிய ரயில்வே ஆலோசகராக வந்தது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் உருக்காலைகளுக்கு நிலக்கரியும் இரும்புத் தாதுவும் ஏற்ற வேண்டிய அவசரம் அப்போது இருந்தது. அதனால் முதல் பாதையும் தாது வெட்டும் பகுதியில்தான், இன்றைய ஜார்க்கண்டில் அமைந்தது. பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, பெல்ஜியம் நாட்டுக் கம்பெனிகள் சேர்ந்த ஒரு குழு 100 எஞ்சின்களை அனுப்பியது. கூடவே வரைபடங்களும், பயிற்சியும், அந்தச் சுருக்கெழுத்துகளும் வந்தன.

இங்கேதான் இந்தியா ஒரு நல்ல காரியம் செய்தது. எஞ்சின் வாங்குவதோடு நிற்காமல் சித்தரஞ்சன் தொழிற்சாலையில் அதைச் செய்யக் கற்றுக்கொண்டது. அங்கே தயாரான 25,000 வோல்ட் எஞ்சின் 1963இல் வெளிவந்தது. 1970இல் முழுக்க இங்கேயே வடிவமைத்த டபிள்யூஏஎம்-4 வந்தது, 3640 குதிரைத்திறன். அதன் சக்கரத் தாங்கி அமெரிக்க ஆல்கோ டீசல் எஞ்சினுடையது, டேப் சேஞ்சர் சுவிஸ் வடிவமைப்பு, சுற்றுப்படம் பிரெஞ்சு வழி. கலப்படம் என்று சிரிக்கலாம். ஆனால் ஒவ்வொன்றையும் புரிந்துகொள்ளாமல் இப்படிக் கோர்க்க முடியாது.

இதே கால தமிழ்நாட்டு உதாரணம் ஒன்றை ஒப்பிட்டுப் பாருங்கள். 1960களில் விழுப்புரம் மீட்டர்கேஜ் பாதைக்கு ஜப்பானிலிருந்து 20 எஞ்சின்கள் வந்தன. நன்றாகவே உழைத்தன. ஆனால் அந்த வகையில் இருபத்தோராவது எஞ்சின் இங்கே பிறக்கவே இல்லை. அகலப்பாதை வந்ததும் அவற்றின் கதையும் முடிந்தது. இதில் ஜப்பான்காரர் மேல் குற்றம் சொல்ல முடியாது, மீட்டர்கேஜுக்கே எதிர்காலம் இல்லாமல் போனது.

சென்னையிலிருந்து 25,000 வோல்ட் கம்பி திருவள்ளூர் வரை 1979இலும், அரக்கோணம் வரை 1982இலும் வந்தது. அந்தக் கம்பியில் ஓடியது யாருடைய மின்சாரம்? அப்போது இங்கே ரயில்வேக்குத் தனி மின்நிலையம் இல்லை, மாநில மின்தொகுப்பிலிருந்துதான் எடுக்க வேண்டியிருந்தது. அந்தத் தொகுப்பின் பெரிய தூண்களில் ஒன்று நெய்வேலி. அங்கே முதல் அனல் மின்நிலையம் சோவியத் உதவியோடு 1962இல் ஓடத் தொடங்கி, 1970க்குள் 600 மெகாவாட் ஆனது. 2020இல்தான் மூடப்பட்டது. சுரங்கத்தில் ஜெர்மானிய ராட்சத வாளிச்சக்கர எந்திரங்கள். நெய்வேலியின் கடினமான மணற்பாறை அவற்றின் பற்களைத் தேய்த்துத் தள்ளியது. வெடி வைத்துப் பாறையைத் தளர்த்தி, பற்களையும் மாற்றியமைத்துத்தான் இங்குள்ள பொறியாளர்கள் வேலையை நடத்தினார்கள். பனிப்போரில் எதிரெதிர் அணியில் நின்ற நாடுகளின் தொழில்நுட்பம் அரக்கோணம் தண்டவாளத்தின் மேல் ஒன்றாகச் சேர்ந்தது. அந்த நாடுகளே இதை நினைத்துப் பார்த்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

பொதுத் தொகுப்பிலிருந்து எடுப்பதில் ஒரு சிக்கலும் உண்டு. தொகுப்பில் மூன்று பேஸ், ரயிலுக்கு வேண்டியது ஒன்று. ஒரே பேஸில் சுமை ஏறக்கூடாது என்பதால் அடுத்தடுத்த துணை மின்நிலையங்கள் வேறு வேறு பேஸில் எடுக்கின்றன. இரண்டும் சந்திக்கும் இடத்தில் மின்சாரமே இல்லாத ஒரு துண்டுக் கம்பி இருக்கும். அரக்கோணம் லோக்கலில் திடீரென்று விசிறி நின்று, விளக்கு அணைந்து, சில நொடிகளில் திரும்ப வருகிறதே... பெரும்பாலும் காரணம் அதுதான். அந்த இடத்துக்கு முன்பே ஓட்டுநர் டிஜேயைத் திறக்க வேண்டும், தாண்டியதும் மூட வேண்டும்.

ஓட்டுநர்களைத் தயார் செய்ததுதான் இந்தக் கதையில் அதிகம் எழுதப்படாத பகுதி. நீராவி எஞ்சினை ஓட்டியவர் சத்தத்தையும் சூட்டையும் வைத்தே கோளாறைக் கண்டுபிடிப்பார். மின் எஞ்சின் அப்படிப் பேசாது. எந்த ரிலே விழுந்தது, எந்தச் சுற்று அறுந்தது என்று படம் பார்த்துப் பிடிக்க வேண்டும். கரி அள்ளிப்போட்டு முன்னுக்கு வந்தவர்கள் வகுப்பறையில் உட்கார்ந்து இதைப் படித்தார்கள். கோளாறு நீக்கும் கையேடு ஒன்று ஒவ்வொரு ஓட்டுநர் பையிலும் இருக்கும். நடுவழியில் வண்டி நின்றால் பாரிசிலிருந்து யாரும் வரப் போவதில்லை. பொறியாளர்களுக்கென்று 1988இல் நாசிக்கில் தனிப் பயிற்சிக் கழகமே வந்துவிட்டது.

1993இல் இன்னொரு ஒப்பந்தம், இந்த முறை ஏபிபி கம்பெனியோடு. சுவிட்சர்லாந்திலிருந்து முதல் மூன்று பேஸ் எஞ்சின்கள் 1995இல் வந்தன. 1998இல் சித்தரஞ்சனிலும் அவற்றைச் செய்யத் தொடங்கினார்கள். பழைய டேப் சேஞ்சர் இவற்றில் கிடையாது, கணினிதான் எல்லாம். பழைய டிஜேயின் வேலையைச் செய்வது விசிபி எனப்படும் வெற்றிட சர்க்யூட் பிரேக்கர். ஆனால் அதை மூடித் திறக்க ஓட்டுநர் முன்னால் இருக்கும் ஸ்விட்சுக்கு இன்றும் பெயர் பிஎல்டிஜே!