நாம் எப்போது மறுபடியும் பிறந்தோம்?



"நீங்கள் மறுபடியும் பிறந்துவிட்டீர்களா?" தென்னேரி போன்ற ஊர்களில் நம் வீட்டு வாசலுக்கே வந்து கேட்கப்படும் கேள்வி இது. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் கேட்கிறார். வாழ்க்கைப்பட்டுப் போன வீட்டில் நாத்தனார் கேட்கிறார். பேச்சு கேள்வியோடு நிற்பதில்லை. குழந்தையாய் இருந்தபோது தலையில் ஊற்றிய தண்ணீர் செல்லாது, ஏரியிலோ தொட்டியிலோ மூழ்கி எழுந்தால்தான் மீட்பு என்கிறார்கள். நம்மில் பலருக்குப் பதில் சொல்லத் தெரிவதில்லை. சிலர் இரண்டாம் முறை முழுக்குப் பெற்றுவிட்டு, பிறகு பங்குத்தந்தையின் முகத்தில் விழிக்கக் கூச்சப்பட்டு ஞாயிறு திருப்பலிக்கே வராமல் நின்றுவிடுகிறார்கள். ஆகவே இந்த மறுபிறப்பு என்ன என்பதை நாம் தெளிவாக அறிந்திருப்பது நல்லது.

கேள்வி எழுந்த இடம் யோவான் நற்செய்தியின் 3-ஆம் அதிகாரம். நிக்கதேம் ஒரு பரிசேயர், யூதத் தலைவர்களுள் ஒருவர். இரவில் இயேசுவிடம் வருகிறார். மறுபடியும் பிறக்காவிட்டால் இறையாட்சியைக் காண முடியாது என்று ஆண்டவர் சொன்னதும், வயதான ஒருவன் எப்படித் தாய் வயிற்றுக்குள் திரும்பப் போக முடியும் என்று கேட்கிறார். படித்தவர் கேட்கும் கேள்வியா இது என்று நாம் சிரிக்க வேண்டாம். மூல மொழியான கிரேக்கத்தில் அங்கே வரும் சொல் 'அனோத்தென்'. அதற்கு 'மறுபடியும்' என்றும் பொருள் உண்டு, 'மேலிருந்து' என்றும் பொருள் உண்டு. நிக்கதேம் முதல் பொருளை மட்டும் பிடித்துக்கொண்டார். இயேசு அவரை இரண்டாம் பொருளுக்கு இட்டுச் செல்கிறார்: தண்ணீராலும் தூய ஆவியாராலும் வரும் பிறப்பு அது.

தமிழ் பேசும் நமக்கு இன்னொரு தடுமாற்றமும் உண்டு. மறுபிறவி என்றாலே இறந்தபின் வேறோர் உடலில் பிறப்பது என்றுதான் நம் மண்ணில் காலங்காலமாகப் பொருள். ஏழேழு பிறவி என்பது நம் வீட்டுப் பேச்சிலும் வந்துவிடுகிறது. கிறிஸ்தவ நம்பிக்கை அதுவன்று. மனிதர் இறப்பது ஒருமுறையே என்று எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகம் (9:27) சொல்கிறது. கிறிஸ்து சொல்லும் பிறப்பு இந்த வாழ்நாளுக்குள்ளேயே நிகழ்வது.

'மேலிருந்து' என்பதை விளக்கத் தென்னேரி மக்களுக்குப் பெரிய நூல்கள் தேவையில்லை. மாவட்டத்தின் பெரிய ஏரிகளுள் ஒன்று அவர்கள் கண்முன்னே இருக்கிறது. மழை பொய்த்த ஆண்டின் கோடையில் வெடித்துக் கிடக்கும் ஏரி, வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்தால் நிரம்பி, கீழே உள்ள வயல்களுக்கு மதகு வழியாகத் தண்ணீர் விடுகிறது. ஏரி தன்னைத்தானே நிரப்பிக்கொள்வதில்லை. மழை பெய்தபின் வேறு ஏரி அங்கு வந்துவிடுவதும் இல்லை. கரையும் மதகும் அதேதான். உயிர் மட்டும் மேலிருந்து வந்தது. அருள் என்று நாம் சொல்வதும் இத்தகையதே.

புனித பவுல் இதையே இன்னும் ஆழமாகச் சொல்கிறார். திருமுழுக்கில் நாம் கிறிஸ்துவோடு அடக்கம் செய்யப்பட்டு, அவரோடு புதுவாழ்வுக்கு எழுகிறோம் (உரோ 6:3-4). 4-ஆம் நூற்றாண்டில் எருசலேமின் ஆயராயிருந்த புனித சிரில், புதிதாகத் திருமுழுக்குப் பெற்றோருக்குக் கற்பித்தபோது, அந்தத் தண்ணீர் அவர்களுக்குக் கல்லறையாகவும் தாயாகவும் இருந்தது என்று விளக்கினார். பாஸ்கா திருவிழிப்பில் தண்ணீர் மந்திரிக்கப்படும்போது நம் கவனம் மெழுகுதிரி அணையாமல் பார்த்துக்கொள்வதிலேயே போய்விடுகிறது. அன்றிரவு சடங்குகளில் திருச்சபை சொல்ல விரும்புவது இதைத்தான்.

சரி, ஒருமுறை பெற்றதை மறுபடி பெறலாமா? இது இன்று முளைத்த வழக்கன்று. திருச்சபைக்கு வெளியே பெற்ற திருமுழுக்கு செல்லாது, அவர்களுக்கு மீண்டும் கொடுக்க வேண்டும் என்று 3-ஆம் நூற்றாண்டில் கார்த்தேஜ் ஆயர் புனித சிப்ரியான் வாதிட்டார். திருத்தந்தை முதலாம் ஸ்தேவான் மறுத்தார். உரோமையின் நிலைப்பாடே நிலைத்தது. பின்னாளில் புனித அகுஸ்தினார் ஓர் அருமையான எடுத்துக்காட்டைத் தந்தார். அக்காலத்தில் படைவீரர்களின் உடலில் குறி இடுவார்கள். ஓடிப்போன வீரன் திரும்பி வந்தால் அவனைத் திருத்துவார்கள். குறியை மறுபடியும் இடமாட்டார்கள். ஏனெனில் அது அழியவே இல்லை. அழியாத அந்த ஆன்மிக முத்திரையைப் பற்றிக் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியும் (எண் 1272) பேசுகிறது. இதே காரணத்தால்தான் சி.எஸ்.ஐ. திருச்சபையிலிருந்து நம்மோடு இணைய வருபவருக்கு, அங்கே தண்ணீரால் மூவொரு இறைவனின் பெயரால் முறையாகத் திருமுழுக்குத் தரப்பட்டிருந்தால், நாம் மறுபடியும் கொடுப்பதில்லை. நமக்கு ஒரு நியாயம், அவர்களுக்கு ஒரு நியாயம் இல்லை.

ஒன்றும் அறியாத குழந்தைக்கு எப்படி என்று கேட்பார்கள். முதல் பிறப்புக்கு நம்மிடம் யார் சம்மதம் கேட்டார்கள்? பெற்றோரும் ஞானப்பெற்றோரும் திருச்சபையின் விசுவாசத்தில் அக்குழந்தையை ஏந்தி நிற்கிறார்கள். ஆனால் அவர்கள் அன்று சொன்ன வாக்கை விருந்து முடிந்ததும் மறந்துவிட்டால், கேட்பவர்மீது கோபப்பட நமக்கு உரிமை குறைவு. மறுபடியும் பிறந்தாயா என்ற கேள்வி நம்மைக் குத்துவதன் காரணமும் அதுதான். பிறந்தது உண்மை, வளர்ந்தோமா?

வளர்ந்த ஒருவரை நம் மண்ணே தந்திருக்கிறது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் 1712-இல் பிறந்தவர் நீலகண்டன். திருவிதாங்கூர் அரசில் பணியாற்றியவர். குடும்பத்தில் இழப்புகள் வந்து மனம் சோர்ந்திருந்த வேளையில், குளச்சல் போரில் பிடிபட்டுப் பின்னர் அரசரின் படைத்தளபதியான டச்சுக்காரர் டிலனாய் அவருக்கு யோபுவின் வரலாற்றைச் சொன்னார். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்கு. பெயர் லாசர்; தமிழில் தேவசகாயம். கல்லறையிலிருந்து வெளியே வந்தவரின் பெயரை அவர் பெற்றார். அதன்பின் அவர் வாழ்ந்தது ஏழாண்டுகூட இல்லை. அதிலும் 1749 முதல் சிறையும் சித்திரவதையும். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுடப்பட்டு மறைசாட்சியானார். உடல் கோட்டாற்றில் புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

அவரிடம் மற்றவர்கள் கண்ட மாற்றம் என்ன? உயர்வாகக் கருதப்பட்ட குலத்தில் பிறந்தவர், சாதி பாராமல் எல்லாரோடும் பழகினார். அந்நாளில் இது சிறிய குற்றமன்று. 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தியபோது, பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டம் விடப்பட்டது. தேவசகாயம் என்றே அறிவிக்கப்பட்டார். புதிய பிறப்புக்குப் பழைய குலப்பட்டம் எதற்கு?

இதை எழுதும்போது நம் தலை தானாகவே குனிகிறது. ஒரே திருமுழுக்குத் தொட்டியில் பிறந்தவர்களுக்குத் தமிழகத்தின் சில பங்குகளில் தனித்தனிக் கல்லறைகள் இருந்தன என்பது ஊரறிந்த செய்தி. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-இல் வெளியிட்ட தலித் மக்கள் மேம்பாட்டுக் கொள்கை, சாதிப் பாகுபாட்டைக் கொடிய சமூகப் பாவம் என்றே சொன்னது. ஏட்டில் இருப்பது எல்லாத் தெருக்களுக்கும் இன்னும் வந்து சேரவில்லை. நம்மை விட்டுப் போய் வேறிடத்தில் முழுக்குப் பெற்றவர்களில், கொள்கையால் போனவர்களைவிட, இங்கே மனம் நொந்து போனவர்கள் அதிகமோ என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

நிக்கதேமுக்கும் உடனே எல்லாம் விளங்கிவிடவில்லை. 7-ஆம் அதிகாரத்தில் தலைமைச் சங்கத்தார் நடுவே, விசாரிக்காமல் தீர்ப்பிடலாமா என்று தயங்கித் தயங்கி ஒரு வார்த்தை பேசுகிறார். 19-ஆம் அதிகாரத்தில், சீடர்கள் ஓடி ஒளிந்திருந்த நேரத்தில், சிலுவையில் இறந்தவருக்காக ஏறத்தாழ நூறு இராத்தல் வெள்ளைப்போளமும் அகிலும் கலந்த கலவையோடு வருகிறார். இரவில் மறைந்து வந்த மனிதர் அவர். அவ்வளவு தூரம் நடக்க அவருக்கு நாள் பிடித்தது.

இரண்டாம் முழுக்குப் பெற்று, இப்போது திரும்பி வரத் தயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு மூன்றாவது முழுக்கு எதுவும் கிடையாது, தேவையும் இல்லை. பங்குத்தந்தையைச் சந்தித்துப் பேசுங்கள். ஒப்புரவு அருளடையாளம் இருக்கிறது. உங்கள் பெயரும் ஞானப்பெற்றோரின் பெயரும் நம் பங்கின் திருமுழுக்குப் பதிவேட்டில், எழுதிய பக்கத்தில், அப்படியே இருக்கின்றன.