ஜோன் ரீத்தும் அவர்தம் பணியாளரும்

1922 ஆம் ஆண்டு டிசெம்பர் மாத இறுதியில், இலண்டன் மாநகரில் புதிதாக அமைந்த பிரித்தானிய ஒலிபரப்புக் கொம்பனியின் பொது முகாமையாளராக ஜோன் ரீத் என்பவர் பதவியேற்றார். அப்பொழுது அவருக்கு வயது 33. ஸ்கொத்லாந்துப் பாதிரியார் ஒருவரின் மைந்தர், தொழிலாற் பொறியியலாளர், ஆறரை அடி உயரத்தினர். 1915 இல் போர்முனையிற் பாய்ந்த குண்டொன்று அவர் கன்னத்தில் ஆழ்ந்த வடுவினை விட்டுச் சென்றிருந்தது. அப்பதவிக்கு விண்ணப்பித்த நாளில் ஒலிபரப்பு என்பது யாதென்றே தாம் அறிந்திருக்கவில்லை என அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். ஒரு கையின் விரல்களுள் எண்ணி விடக்கூடிய பணியாளருடன் தொடங்கிய அந்நிறுவனம், 1938 இல் அவர் விலகிச் சென்றபோது நாலாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு ஊதியம் வழங்கிக்கொண்டிருந்தது.

உலகெங்குமுள்ள அரச ஒலிபரப்பு நிலையங்கள் யாவற்றுக்கும் ரீத் ஒருவகையில் மூதாதையே. அறிவு புகட்டுதல், செய்தி தருதல், மகிழ்வூட்டுதல் என்னும் மூன்றையும் வானொலியின் கடமைகளாக வகுத்தவர் அவர். 1926 மே மாதத்துப் பொதுவேலை நிறுத்தத்தின்போது, ஒலிபரப்பைத் தம் கைக்குள் எடுத்துக்கொள்ள முனைந்த சேர்ச்சில் போன்ற அமைச்சர்களுக்கு அவர் இடங்கொடுக்கவில்லை. எனினும் அந்நாட்களில் எதிர்க்கட்சித் தலைவர் மக்டொனல்டுக்கு ஒலிவாங்கி மறுக்கப்பட்டது. கன்ரபரிப் பேராயரின் சமாதான வேண்டுகோளும் சில நாட் காத்திருக்க வேண்டியதாயிற்று. புறத்தாரிடமிருந்து நிறுவனத்தின் சுதந்திரத்தைக் காத்தார் என்பது பெரும்பாலும் உண்மை. அச்சுதந்திரத்தில் ஒரு சிறு பங்கேனும் உள்ளே பணியாற்றியோருக்குக் கிட்டியதா என்பதே ஆராயத்தக்கது.

பீற்றர் எக்கர்சிலி என்பார் அந்நிறுவனத்தின் முதற் பிரதம பொறியியலாளர். 1925 இல் டவென்றியில் நெட்டலை நிலையத்தை நிறுவி, நாட்டின் பெரும்பகுதிக்கு வானொலியை எட்டச் செய்தவர். நேயர்களுக்கு இரண்டு நிகழ்ச்சிகளுள் ஒன்றைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பை அளித்த பிரதேச ஒலிபரப்புத் திட்டமும் அவர் சிந்தனையிற் பிறந்ததே. 1929 இல் மணமான பெண்ணொருவருடன் அவருக்கிருந்த உறவு வெளிப்பட்டு, மணமுறிவு வழக்கு எழுந்தது. ரீத்தின் கண்டிப்பான சமயவொழுக்கத்துக்கு இது பொறுக்கக்கூடியதாக இல்லை. எக்கர்சிலி விலக நேர்ந்தது. அவர் திட்டமிட்ட புரூக்மன்ஸ் பார்க் நிலையம் அவ்வாண்டு ஒக்டோபரில் ஒலிபரப்பைத் தொடங்கியது.

ஹில்டா மதிசனின் கதை வேறு வகையானது. அவர்மீது ஒழுக்கக் குற்றச்சாட்டு எதுவும் எழவில்லை. அவரைத் தேடி நிறுவனத்துக்கு அழைத்து வந்தவரே ரீத்தான். 1926 இற் சேர்ந்த அவ்வம்மையார், மறு ஆண்டிலேயே பேச்சுப் பகுதியின் பணிப்பாளரானார். அக்காலத்தில் ஒலிவாங்கியின் முன் வந்தோர் பொதுக்கூட்டத்தில் முழங்குவது போல முழங்கினர். அல்லது எழுதிய கட்டுரையை விறைப்பாக வாசித்தனர். வீட்டின் ஒரு மூலையில் அமர்ந்திருக்கும் தனியொருவருடன் உரையாடுவது போலப் பேசவேண்டும் என்பதை மதிசன் உணர்ந்தார். பேரறிஞரையும் ஒத்திகைக்கு அழைத்து, எழுத்துநடையைப் பேச்சுநடையாக மாற்றுவித்தார். எச். ஜி. வெல்ஸ், பேர்ணாட் ஷா முதலியோரின் குரல்களை இல்லந்தோறும் கொண்டு சேர்த்தார். 1928 இல் விவாதத்துக்குரிய பொருள்கள் மீதிருந்த தடையை அரசாங்கம் நீக்கியதும், அவ்வாய்ப்பை முழுமையாகப் பயன்படுத்தினார். இன்று வானொலிப் பேச்சு எனக் கேட்கப்படும் வடிவத்திற் பெரும்பங்கு அவருடையதே.

அவர் வளர்த்த சுதந்திரமான பேச்சே ரீத்தின் மனத்தைக் கசக்கச் செய்தது. பேச்சுப் பகுதி இடதுசாரிச் சார்புடையது என்னும் முறைப்பாடுகள் பத்திரிகைகளில் வந்தன. தலைமையகத்தின் பிடி இறுகியது. 1931 இல் ஹரல்ட் நிக்கொல்சன் புதிய இலக்கியம் பற்றித் தொடர்பேச்சு நிகழ்த்தியபோது, ஜேம்ஸ் ஜொய்சின் யுலிசிஸ் என்னும் நாவலைப் பெயர் சுட்டிக் கூறலாகாதெனத் தடை விதிக்கப்பட்டது. இந்நாவல் அந்நாட்டில் அப்போது தடைசெய்யப்பட்டிருந்தமை உண்மையே. ஆயினும் புதிய இலக்கியம் பற்றிப் பேசுவோர் அதனை எங்ஙனம் ஒதுக்க இயலும்? மதிசன் இராஜினாமாக் கடிதத்தை நீட்டினார். தம்மால் உயர்த்தப்பட்டவர் தம்மை மறுத்துரைப்பதைத் தாங்காத இயல்பு ரீத்திடம் இருந்தது. பிற்காலத்தில் அச்சேறிய அவருடைய நாட்குறிப்புகள் எத்தனையோ பேர்மீது அவர் கொண்ட மனக்கசப்பைக் காட்டுகின்றன. மதிசனின் கீழ்ப் பணியாற்றிய லயனல் பீல்டன் என்பவரே 1935 இல் இந்தியாவுக்கு ஒலிபரப்புக் கட்டுப்பாட்டாளராக வந்தவர். மறு ஆண்டில் அகில இந்திய வானொலி என்னும் பெயர் எழுந்ததும் அவர் காலத்திலேயே.

இனி வருவது ஒரு கீரியின் கதை. ஐல் ஒவ் மான் தீவில், தனித்த பண்ணைவீடொன்றிற் பேசும் கீரி ஒன்று வாழ்வதாகச் செய்தி பரவியது. லிஸ்னர் வாரஇதழின் ஆசிரியரும் ஒலிபரப்புக் கூட்டுத்தாபன ஊழியருமான ஆர். எஸ். லம்பேட், 1935 இல் ஹரி பிறைஸ் என்னும் ஆராய்ச்சியாளருடன் அங்கே சென்றார். கீரி காட்சி தரவில்லை. இருவரும் சேர்ந்து ஒரு நூல் எழுதினர். லம்பேட் பிரித்தானியத் திரைப்பட நிறுவகத்தின் ஆளுநர் சபையிலும் அங்கத்தவராக இருந்தார். பேசும் கீரியை நம்பும் ஒருவர் அப்பதவிக்குத் தகுதியற்றவர் எனச் சேர் செசில் லெவிற்றா என்னும் பிரமுகர், ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் உயர் அலுவலரான கிளாட்ஸ்ரன் மறேயிடம் கூறினார். செய்தி லம்பேட்டின் செவிக்கு எட்டியது. அவர் அவதூறு வழக்குத் தொடுத்தார்.

சிரிப்புக்குரிய இவ்விடயம் இங்கேதான் வேறு உருவங் கொண்டது. வழக்கைக் கைவிடும்படி மேலதிகாரிகள் லம்பேட்டை நெருக்கினர். வழக்காடினால் அவருடைய நிதானத்தைப் பற்றி நிறுவனம் ஐயுற நேரிடும் என்னும் கருத்துப்பட எழுத்திலும் உணர்த்தினர். குடும்பத்தைக் காக்கவேண்டிய ஊழியர் ஒருவருக்கு அதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை. லம்பேட் பணியவில்லை. 1936 நவெம்பரில் அக்குறிப்பு நீதிமன்றத்தில் எல்லோருமறிய வாசிக்கப்பட்டது. ஜூரிமார் அவருக்கு 7,500 பவுண் நட்டஈடு விதித்தனர். அந்நாளில் அது பெருந்தொகை. அத்தொகை லெவிற்றாவைத் தாக்கியது. அதன் எதிரொலியோ ஒலிபரப்பு மாளிகையையே உலுக்கிற்று. பிரதமர் போல்ட்வின் சேர் ஜோசையா ஸ்ராம்ப் தலைமையில் விசாரணைக் குழுவொன்றை நியமித்தார். அலுவலகக் கதவுகளுக்குப் பின்னால் ஊழியர் நடத்தப்பட்ட விதம் பாராளுமன்றத்தில் விவாதப்பொருளாயிற்று.

ரீத் 1938 இல் ஆகாய விமானக் கொம்பனி ஒன்றின் தலைமைக்குச் சென்றார், போர்க்காலத்தில் அமைச்சருமானார். 1942 இல் சேர்ச்சில் அவரைப் பதவியினின்றும் நீக்கியபோது, மேலிடத்தின் சொல்லொன்றினால் வேலையிழப்பதன் துயரை அவரும் அறிந்தார். அதனை அவர் இறுதிவரை மன்னிக்கவில்லை. லம்பேட் 1939 இற் கனடாவுக்குச் சென்று அங்கே கல்வி ஒலிபரப்பிற் பணியாற்றினார். இலண்டன் கூட்டுத்தாபனத்தின் ஊழியர்கள் தமக்கெனச் சங்கமொன்றை அமைத்துக்கொண்டது 1940 இல். ஹில்டா மதிசன் காலமானதும் அதே ஆண்டு ஒக்டோபரிலே.