மாமை முதல் சிவப்பழகு வரை: தமிழில் மேனியழகு பற்றிய எண்ணத்தின் வரலாறு

சங்க அகப்பாடல்களில் தலைவியின் அழகைப் பற்றி நாம் மிகுதியாக அறிவது அவள் அதை இழக்கும்போதுதான். தலைவன் பிரிகிறான், தோள் மெலிந்து வளை கழல்கிறது, மேனியில் பசலை என்னும் வெளிறிய பொன்னிறம் ஏறுகிறது. உறவு செம்மையாக இருக்கும்வரை தங்கி, உறவு பிசகினால் விலகிப்போகும் ஒன்றாகவே அழகு அங்கே பேசப்படுகிறது. இந்த எண்ணம் படிப்படியாக மாறி, அழகு என்றால் நிறம், நிறம் என்றால் வெளுப்பு என்ற இன்றைய கணக்குக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

குறுந்தொகை 27ஆம் பாடலில் வெள்ளிவீதியார் காட்டும் தலைவி, தன் அழகைப் பசுவின் பாலோடு ஒப்பிடுகிறாள். கன்றும் குடிக்காமல், கறவைக் கலத்திலும் விழாமல் மண்ணில் சிந்திப் போன பால் அது. தனக்கும் பயன்படாமல், தலைவனுக்கும் உதவாமல், பசலை தின்ன விட்ட மாமை அழகு என்பது அவள் குறை. மாமைக்கு மாந்தளிர் நிறம் என்றும், கருமை என்றும், பொதுவாக அழகு என்றும் பொருள் கொள்வதுண்டு. இதைக் கொண்டு பழந்தமிழர் கருமையையே அழகாகக் கொண்டார்கள் என்று மேடைகளில் முழங்குவது எளிது. பாடல்கள் அவ்வளவு எளிதாக இடம் கொடுப்பதில்லை. ஐங்குறுநூற்று மருதப் பகுதியில் ஓரம்போகியார் பாடிய 35ஆம் பாட்டு, நார் உரித்த ஆம்பல் தண்டைவிடவும் ஒளிவிட்ட மாமை இப்போது பசந்துவிட்டது என்கிறது. குளத்து ஆம்பல் தண்டை உரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே இருப்பது கருப்பு அன்று. நீர் ஊறிய, மினுங்கும் ஒரு மென்னிறம். கறுப்பா வெளுப்பா என்பதைவிட மேனியில் நீரோட்டமும் ஒளியும் இருக்கின்றனவா என்பதையே புலவர் பார்த்திருக்கிறார். இதற்கு முந்தைய பாட்டில் ஆம்பல் பூவின் தாது நிறம் வருகிறது. அது பசந்த கண்ணின் நிறம், வருத்தத்தின் நிறம். ஒரே குளத்து ஒரே கொடியிலிருந்து நலத்துக்கு ஓர் உவமை, நலிவுக்கு ஓர் உவமை.

பொன்னிறம் எல்லா இடத்திலும் துயரக்குறி என்றும் சொல்லிவிட முடியாது. மார்பில் தோன்றும் சுணங்கு என்னும் தேமலை வேங்கைப் பூவின் பொன்னிறத்தோடு ஒப்பிட்டுப் பாராட்டுவதும் அதே மரபுதான். நிறத்துக்குத் தனி மதிப்பு இல்லை. அது எப்போது, ஏன் மேனியில் வந்தது என்பதற்கே மதிப்பு. பசலைக்குத் தனி அதிகாரமே ஒதுக்கிய திருக்குறள், விளக்கு எப்போது அணையும் என்று இருள் காத்திருப்பதுபோல் தழுவல் எப்போது நெகிழும் என்று பசலை காத்திருக்கிறது என்னும்போது இதையே இன்னும் கூர்மையாகச் சொல்கிறது.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு மரபும் வளர்ந்தது. அது உடலை உறுப்பு உறுப்பாக எண்ணும் மரபு. கரிகாலனைப் பாடும் பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் பாடினியைக் கூந்தலிலிருந்து அடிவரை வருணிக்கிறார். பிற்காலம் கேசாதிபாதம் என்று பெயரிட்ட முறைக்கு இது நல்ல பழைய சான்று. ஆனால் அந்த வருணனை முடியும் இடத்தைக் கவனிக்க வேண்டும். பாடினியின் அடி, ஓடிக் களைத்த நாயின் நாக்கைப் போன்றது. அரக்கை உருக்கி ஊற்றியது போன்ற செம்மண்ணில் நடந்து, பரல் குத்தி, மரல் பழம்போல் நீர்கோத்த கொப்புளங்களோடு அது இருக்கிறது. வெயிலில் வழி நடந்து பிழைக்கும் பெண்ணின் கால் அது என்பதைப் புலவர் மறைக்கவில்லை. அழகும் கொப்புளமும் ஒரே அடியில் இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

பிற்காலச் சிற்றிலக்கியப் பெண்களின் காலில் கொப்புளம் வருவது அரிது. 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் சோழர் மூவர்மீது பாடிய உலாக்களில், தெருவில் பவனி வரும் அரசனைப் பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக ஏழு பருவப் பெண்களும் கண்டு மயங்குகிறார்கள். வயதுக்கு ஓர் இலக்கணம், உறுப்புக்கு ஓர் உவமை என வாய்பாடு கெட்டிப்படுகிறது. தனி ஒருத்தியின் நலிவைச் சொன்ன மொழி, மாதிரிப் பெண்களின் அட்டவணையாகிறது. இடையில் சிலப்பதிகாரம் நிற்கிறது. கடலாடு காதையில் மாதவி பத்துத் துவரும் ஐந்து விரையும் முப்பத்திரண்டு ஓமாலிகையும் ஊறிய நீரில் குளித்து, விரல் முதல் தலைவரை அணி பூட்டுகிறாள். ஏற்கெனவே அந்திமாலைச் சிறப்புச்செய் காதையில் கண்ணகி அணிகளைக் களைந்துவிட்டாள். ஒப்பனை கூடியதும் ஒழிந்ததும் இருவருடைய வாழ்வின் நிலையைக் காட்டுகின்றன. அந்த அளவில் இளங்கோ சங்கத்தின் பக்கம்தான் நிற்கிறார்.

பக்தி இயக்கம் உறுப்பு வருணனையை ஆண் தெய்வத்தின்மேல் திருப்பியது. திருப்பாணாழ்வார் பத்தே பாசுரங்களில் அரங்கனின் அடியில் தொடங்கிக் கண்ணுக்கு ஏறுகிறார். காரைக்கால் அம்மையாரோ மறுபக்கம் போனார். கணவன் விட்டு விலகிய பின், அவனுக்காகத் தாங்கிய அழகு இனி வேண்டாம் என்று பேயுருவைக் கேட்டுப் பெற்றதாகப் பெரியபுராணம் சொல்கிறது. அம்மையாரே தம் திருவாலங்காட்டுப் பதிகத்தில் நரம்பு புடைத்த, மார்பு வற்றிய பெண்பேயைப் பாடி, தம்மைக் காரைக்கால் பேய் என்று ஒப்பமிட்டார். தேவியரின் வளைந்த இடையை வார்த்த சோழர் காலக் கலைஞர்களே கையில் தாளத்தோடு இந்த ஒடுங்கிய மூதாட்டியையும் வார்த்தார்கள். வழிபாட்டில் இரண்டுக்கும் இடம் இருந்தது.

நிறத்தையும் சமயம் ஒரே வரிசையில் நிறுத்தவில்லை. திருமால் கரியவர், திருமகள் பொன்னிறத்தாள். சிவனிடம் வந்தால் கணக்கு தலைகீழ்: அவர் பவளச் செம்மேனியர், உமை நீலமேனியள். ஐங்குறுநூற்றின் கடவுள் வாழ்த்தும் அவளை அப்படித்தான் காட்டுகிறது. மதுரை மீனாட்சியோ மரகதப் பச்சை. வெயிலில் உழைக்கும் உடலை மேல்தட்டு மனம் நெடுங்காலமாகவே தாழ்வாகப் பார்த்துவந்தது. ஆகவே நிற வேற்றுமை முழுவதையும் ஆங்கிலேயன் தலையில் கட்டுவது நேர்மையாகாது. ஆயினும் அந்த மனம் தெய்வங்களை வெளுக்கத் துணியவில்லை.

அச்சு அதற்குத் துணிந்தது. ரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய கல்லச்சகத்திலிருந்து வந்த வண்ணப்படங்களில் திருமகளும் கலைமகளும் சிவந்த மேனிப் பெண்களாகச் சேலையுடுத்தி வீட்டுச் சுவர்களுக்கு வந்தார்கள். பின்னாளில் கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவர் மாணவர்களும் வரைந்து சிவகாசி அச்சிட்ட காலண்டர்கள் அந்த முகத்தைக் கிராமம்வரை கொண்டுபோயின. காலண்டரில் மீனாட்சிக்குப் பச்சை நிலைத்தது. மற்ற பெண் தெய்வங்கள் பலருக்கு ரோஜா நிறம். அதன்பின் சினிமா வந்தது. விளக்கொளிக்காகப் பூசிய முகப்பூச்சே நாயகியின் இயற்கை நிறமாக மாறிய கதை தனி ஆய்வுக்கு உரியது.

எதிர்க்குரல்களும் எழுந்தன. திரு.வி.க. 'முருகன் அல்லது அழகு' நூலில் அழகை இயற்கையிலும் இறைமையிலும் தேடினார். பாரதிதாசனின் 'அழகின் சிரிப்பு' அதைக் கடலிலும் காட்டிலும் கண்டது. பெரியார் நேராகவே, நகையும் நீள்கூந்தலும் பெண்ணைப் பொம்மையாக்குகின்றன, தலைமுடியைக் கத்தரித்துக்கொள்ளுங்கள் என்றார். மூவரில் அவர் ஒருவரே அழகின் பொருளியலைத் தொட்டார் என்பது என் கருத்து.

சந்தை அந்தப் பொருளியலை வேறு வழியில் பயன்படுத்திக்கொண்டது. 1975இல் ஹிந்துஸ்தான் லீவர் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற சிவப்பழகுக் களிம்பைக் கொண்டுவந்தது. மணமகள் தேவை வரிகளில் 'நல்ல நிறம்', 'சிவப்பு' என்பவை தகுதிகளாகின. 'மாநிறம்' சற்றுத் தயங்கிச் சொல்லும் சமரசமாயிற்று. சங்கத்தில் பசலை, பிரிந்தவன் திரும்பினால் தீரும். களிம்பு விளம்பரத்திலோ பிறந்த நிறமே நோய். வேலையும் வரனும் கிடைக்காததற்குக் காரணமும் அதுவே. 2009இல் சென்னையிலிருந்து 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கம் கிளம்பியது. கருத்த நிறத்தாரை வாழ்க்கையில் தோற்றவராகக் காட்டக்கூடாது என்று விளம்பரத் தர மன்றம் 2014இல் நெறி வகுத்தது. 2020இல் அந்தக் களிம்பு 'ஃபேர்' என்பதை விட்டு 'க்ளோ' என்று பெயரை மாற்றிக்கொண்டது. குழாயும் கடையும் மாறவில்லை.

இலக்கியத்தில் மாற்றம் பெண்களின் கையால் வந்தது. 2002இல் குட்டி ரேவதி 'முலைகள்' என்று தலைப்பிட்டுத் தொகுப்பை வெளியிட்டபோது எழுந்த கூச்சலில், தமிழ்ப் பண்பாட்டுக்கு இது புதிது என்ற குற்றச்சாட்டே ஓங்கி ஒலித்தது. வெள்ளிவீதியாரைப் பாடத்தில் படித்து மதிப்பெண் வாங்கியவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.