பெங்களூர் வெங்காயம் யாருக்குச் சொந்தம்?

எட்டு வருஷம் பெங்களூரில் குப்பை கொட்டியிருக்கிறேன். ஆனால் பெங்களூர் ரோஸ் வெங்காயத்தை முதன்முதலில் கையில் எடுத்துப் பார்த்தது சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டில்தான். சிக்கபள்ளாப்பூர், கோலார் பக்கம் விளையும் இந்தக் குட்டி வெங்காயத்தில் பெரும்பகுதி சிங்கப்பூர், மலேசியா என்று கப்பலேறிவிடுகிறது. நம்மைப் போலவே! தங்கமணி சாம்பாருக்கு ஒரு கிலோ வாங்க, எனக்கோ ஒரு சந்தேகம். இந்த வெங்காயம் யாருக்குச் சொந்தம்?

கதை 1995-ல் ஆரம்பிக்கிறது. உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்த நாடுகள் பயிர் ரகங்களுக்குக் காப்புரிமை தரவேண்டும், இல்லையென்றால் தனிச் சட்டமாவது போடவேண்டும் என்று ஒப்பந்தம். இந்தியா இரண்டாவது வழியில் போனது. 2001-ல் பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வெங்காயம், பூண்டு மாதிரி பயிர்களில் புது ரகம் உருவாக்கியவருக்கு 15 வருஷ உரிமை. அதே சட்டத்தின் 39-வது பிரிவு, விவசாயி தன் விதையைச் சேமிக்கலாம், விதைக்கலாம், பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம் என்கிறது. பிராண்டு பெயர் போட்டு விற்கத்தான் கூடாது.

புது ரகம் என்று சொன்னால் போதுமா? மூன்று பரீட்சை இருக்கிறது. மற்ற ரகங்களிலிருந்து வேறுபட வேண்டும். வயல் முழுக்க ஒரே மாதிரி இருக்க வேண்டும். தலைமுறை தாண்டியும் மாறக்கூடாது. புனே பக்கம் ராஜகுருநகரில் இருக்கும் வெங்காயம்-பூண்டு ஆராய்ச்சி இயக்ககத்தில் பயிரிட்டு, இலை நிறம், தோல் நிறம், காயின் வடிவம் என்று ஒவ்வொன்றாகக் குறிக்கிறார்கள்.

'ஒரே மாதிரி' என்பது பூண்டுக்குச் சுலபம். பல்லை நட்டால் தாயின் நகல்தான் முளைக்கும். வெங்காயப் பூவிலோ தேனீ புகுந்து மகரந்தத்தைக் கலந்துவிடும். அதனால் பாட்டன் காலத்து விதை இந்த இடத்தில் திணறும், ஹைப்ரிட் ஜெயிக்கும். ஹைப்ரிட் வெங்காயத்தின் கதையே 1925-ல் கலிஃபோர்னியாவில் ஹென்றி ஜோன்ஸ் கண்ட, மகரந்தம் தராத ஒற்றைச் செடியில் ஆரம்பித்ததுதான். நல்லவேளையாக நம் சட்டம் விவசாயிகளின் ரகங்களுக்குத் தனி இடம் வைத்திருக்கிறது. பதிவுக் கட்டணம் கிடையாது, 'ஒரே மாதிரி' விதியிலும் கொஞ்சம் தளர்வு உண்டு.

ரோஸ் வெங்காயத்துக்கு 2015-ல் கிடைத்தது புவிசார் குறியீடு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் கிடைத்ததும் அதுதான். அது பெயரைக் காக்கும், விதையைக் காக்காது. பெயருக்கும் மதிப்பு இல்லாமல் இல்லை. 2023-ல் வெங்காய ஏற்றுமதிக்கு 40 சதவீத வரி போட்டபோது, கர்நாடகத் தோட்டக்கலை ஆணையரின் சான்றிதழோடு வந்த ரோஸ் வெங்காயத்துக்குச் செப்டம்பரில் விலக்கு கொடுத்தார்கள்.

ஆக, பெயர் அந்த வட்டாரத்துக்குச் சொந்தம். புது ரகம் 15 வருஷத்துக்கு உருவாக்கியவருக்குச் சொந்தம். விவசாயி எடுத்து வைக்கும் விதை விவசாயிக்குச் சொந்தம். எடுத்து வைத்தால்!

திண்டுக்கல் பக்கம் எங்கள் அப்பத்தா, பட்டறையிலிருந்து விதை வெங்காயத்தைப் பொறுக்கி ஒதுக்கிவிட்டுத்தான் மிச்சத்தை விற்கும். அப்பத்தா போனபின் வீட்டில் யாரும் ஒதுக்கவில்லை. அந்த வெங்காயத்துக்குப் பெயர் என்னவென்றுகூட எங்களுக்குத் தெரியாது. சட்டம் வந்தும் எங்களுக்குப் பதிவு செய்ய ஒன்றுமில்லை.

அடுத்த தடவை ஊருக்குப் போன் போடும்போது கேட்டுப் பாருங்கள், உங்கள் வீட்டில் யாராவது இன்னும் விதை எடுத்து வைக்கிறார்களா என்று.