நிலத்தடி வெப்பமும் குடாநாட்டு நன்னீரும்

யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், மருதனார்மடத்தைச் சூழச் செம்மண் தோட்டங்கள் விரிந்து கிடக்கின்றன. ஆறில்லாத இவ்வூர்களுக்குக் கிணறே உயிர்நாடி. மழைநீர் சுண்ணாம்புக் கற்பிளவுகளின் வழியே இறங்கி, கனத்த உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் அடியில் உவர்நீரும் இருப்பது இதற்குச் சான்று. ஆதலின், இங்கே ஆழத் தோண்டுவதிலும் அளவறிந்து தோண்டுவதே அறிவுடைமை எனக் கருதப்பட்டது.

நிலத்தின் ஆழத்தே நீர் மட்டுமன்றி வெப்பமும் உண்டு. திருகோணமலைக்கு அணித்தான கன்னியா வெந்நீர்க் கிணறுகளே அதற்குச் சாட்சி. இராவணன் கதையோடு மக்கள் போற்றிய அக்கிணறுகளை, இராணுவ மருத்துவர் யோன் டேவி 1821 ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில் ஆய்வுநோக்குடன் விவரித்தார்.

அவ்வெப்பத்தை மின்சாரமாக்கும் முயற்சி இத்தாலியில் தொடங்கிற்று. 1904 இல் லார்தரெல்லோ என்னுமிடத்தில் நிலத்தடி நீராவியால் ஐந்து மின்விளக்குகள் எரிந்தன. 1913 இல் அங்கே மின்நிலையம் இயங்கிற்று. 1958 இல் நியூசிலாந்தின் வைராக்கேயும் அவ்வழியைப் பின்பற்றியது. ஆயின், அவ்விடங்களில் நிலத்தடி வெப்பம் மேற்பரப்புக்கு மிக அருகில் உள்ளது. இலங்கையிலோ எரிமலை இல்லை. இங்கே மழைநீர் பாறைப் பிளவுகளில் ஆழச் சென்று சூடேறி மீள்வதாலேயே வெந்நீரூற்றுகள் தோன்றுகின்றன.

அங்ஙனமாயின், மிக ஆழமாகத் துளைத்தால் என்ன? பொதுவாக, ஒரு கிலோமீற்றர் இறங்கினால் வெப்பம் 25 முதல் 30 பாகை செல்சியசு வரை உயரும். தொன்மையான பாறைகளில் இவ்வுயர்வு குறைவு. 1970 இல் சோவியத்து நாட்டார் கோலாவில் தொடங்கிய துளை, 1989 இல் 12,262 மீற்றரை எட்டியது. அங்கே கண்ட வெப்பம் ஏறக்குறைய 180 பாகையே. அதுவும் எதிர்பார்த்ததிலும் மிகுதியாகி, மேற்கொண்டு துளைப்பதற்குத் தடையாயிற்று. இலங்கையின் அடித்தளப் பாறையும் மிகத் தொன்மையானதே. துளைத்தல் இயலாததன்று, அதன் செலவும் உழைப்பும் பயனுக்கு ஈடாகுமா என்பதே கேள்வி.

இடர்களும் உள. 2006 இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில், ஆழத்துப் பாறையைப் பிளக்க நீரைச் செலுத்தியபோது நிலநடுக்கம் எழுந்து பணி நின்றது. குடாநாட்டிலோ இதனினும் நுண்ணிய ஆபத்து ஒன்று உண்டு. துளையின் சுவர் காப்பற்றிருப்பின், உவர்நீர் அதன்வழி மேலேறி நன்னீரைக் கெடுத்துவிடும்.

மின்சாரத்தின் பொருட்டு நீர் கெட்ட வரலாறு இப்பகுதிக்குப் புதிதன்று. மருதனார்மடத்தை அடுத்த சுன்னாகத்தில், அனல்மின் நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்தது. 2019 இல் உயர் நீதிமன்றம், பாதிப்புற்றோருக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்குமாறு தனியார் மின்நிறுவனத்துக்குக் கட்டளையிட்டது. பணத்தைத் தந்துவிடலாம், கெட்ட ஊற்றைத் திருத்துவதோ எளிதன்று.

ஆகவே, நிலத்தடி வெப்பத்தை நாடும் ஆய்வு வெந்நீரூற்றுள்ள கிழக்கிலே தொடங்குவதே முறை. குடாநாட்டில் என்றேனும் ஆழத்துளை இடுவதாயின், சுண்ணாம்புப் படிவம் முழுவதும் இரும்புக் குழாயும் சீமெந்தும் கொண்டு அடைத்த பின்னரே அது கீழிறங்குதல் வேண்டும். விளக்குக்கு வேறு வழிகள் உண்டு. மருதனார்மடத்துத் தோட்டங்களுக்கோ அக்கிணறுகளையன்றி வேறு வழியில்லை.